ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது மாதம்

காலை ஒன்பது மணி இருக்கும். புத்தளம் களப்போரத்து உப்பளம் ஒன்றில், நாலாம் பாத்தியின் வரப்பில் நின்று சோமபாலவைக் கூப்பிட்டேன். நான் அங்கே மேற்பார்வையாளர். அவன் இருபது வருடமாக என்னோடு வேலை செய்யும் கூட்டாளி. ஐந்தாம் பாத்தியைத் திறப்பதற்கு முன் நாலாம் பாத்தியின் மடையை மூடச் சொல்ல வேண்டும். ஆயிரம் தடவை சொன்ன பேச்சு. வாயைத் திறந்தேன். “மடை” என்று வந்தது. மறுபடி முயன்றேன். “மடை... சோமே... மடை.” அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சோமபால சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். பிறகு என் வலது கையிலிருந்த தடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. அவன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடியது நினைவிருக்கிறது. நான் சொல்ல நினைத்தது என்ன என்பதும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. என்னைப் போல் படுத்திருப்பவர்களின் வீட்டாருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே ஆள் இருக்கிறார்.

எனக்கு இரத்த அழுத்தம் இருந்தது. நோன்பு மாதத்தில் பகல் குளிசையை நானாகவே நிறுத்தினேன். பெருநாள் முடிந்த பிறகும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தொடரவில்லை. விடியுமுன் ஸஹர் நேரத்துக்கும் நோன்பு திறந்த பிறகும் போடும்படி மாற்றித் தரச் சொல்லி டொக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன். நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அந்தப் பகுதி செயலிழப்பது) என்றார்கள். அடைப்பு இடது நெற்றிக்குப் பின்னால். வலது கை பாதி போயிருந்தது; கால் தப்பிவிட்டது. பேச்சுக்கு வந்த நோய்க்கு அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு, நாக்கிலோ தொண்டையிலோ பழுது இருக்காது) என்று பெயர். அதில் எனக்கு வந்த வகை கொஞ்சம் வேடிக்கையானது. பெயர்கள் மிஞ்சியிருந்தன. உப்பு, மடை, தேத்தண்ணி, மர்லியா, எல்லாம் இருந்தன. ஒன்றோடு ஒன்றைக் கோர்ப்பது மட்டும் போய்விட்டது. யார் செய்தார், யாருக்குச் செய்தார், முடிந்ததா, இனிமேல்தானா என்று காட்டும் சின்னச் சின்ன ஒட்டுகள் ஒன்றுகூட வரவில்லை.

டொக்டர் சிங்களவர். என்னோடு சிங்களத்தில் கதைத்துப் பார்த்தார். வேலையாட்களோடு வாழ்நாள் முழுதும் சிங்களம் கதைத்தவன் நான். அந்த வழியாகவாவது தப்பிவிடலாம் என்று எனக்கும் ஒரு நப்பாசை. “வத்துர” என்றேன். “லுணு” என்றேன். தண்ணீரும் உப்பும் வந்தன. அவற்றை என்ன செய்வது என்பது அந்த மொழியிலும் வரவில்லை. டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். போனது தமிழும் அல்ல, சிங்களமும் அல்ல, இரண்டுக்கும் அடியில் கிடக்கும் ஏதோ ஒன்று என்று அன்றைக்குத்தான் எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது.

இரண்டு கிழமையில் வீட்டுக்கு வந்தேன். நலம் விசாரிக்க வந்தவர்கள் நான் செவிடனாகிவிட்டேன் என்று முடிவுகட்டி, காதருகே வந்து கத்தினார்கள். வேறு சிலர் மனைவி மர்லியாவிடம், நான் அங்கே கதிரையில் இருக்கும்போதே, “அவருக்குச் சாப்பாடு இறங்குதா?” என்று கேட்டார்கள். ஒருவர் என் முன்னால் விரலைக் காட்டி எத்தனை என்றார். ஆரோக்கியமாக இருந்த காலத்தில் அவரே எண்ணிக்கையில் கொஞ்சம் மந்தம். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நான் வீட்டுக்கு வந்த மறுநாள் கதிரையில் இருந்தபடி ளுஹர் தொழுதேன். தொழுகையில் ஓதுவதெல்லாம் தங்குதடையின்றி வந்தது. மர்லியா சமையலறையிலிருந்து ஓடிவந்து அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நானும் அழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு அவளிடம் தேத்தண்ணீர் கேட்கப் போனேன். “தேத்தண்ணி... மர்லியா... சூடு” என்று வந்தது.

என் தம்பி நவ்பர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு கிழமையும் வெளியே போட்டிருந்த மர வாங்கிலேயே தூங்கியவன். ஆனால் ஓதத் தெரிந்த வீட்டில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையை அவன் செய்தான்.

“நாக்குல ஒரு பழுதும் இல்ல மதினி,” என்று மர்லியாவிடம் சொன்னான். “ஓதுறாரே, ஒரு எழுத்துப் பிசகாம. அப்ப கதைக்க வராதது ஏன்? நாநாக்கு அறிவு போயிட்டு.”

மனப்பாடமானவை மூளையில் வேறு வழியாக, முழுக் கயிறாக இழுபட்டு வரும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிறுவயதிலிருந்து ஓதியதும், ஒன்று இரண்டு மூன்று என்ற எண்ணலும், கோபத்தில் வரும் ஏச்சும்கூட அப்படித் தப்பிவிடுமாம். புதிதாக ஒன்றைக் கட்டிச் சொல்வதுதான் முடியாது. அன்றைக்கு அதை விளக்க வீட்டில் யாரும் இல்லை. நவ்பரின் கணக்குத்தான் ஊருக்குள் பரவியது.

மூன்றாம் மாதம் அடம்பிடித்து உப்பளத்துக்குப் போனேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. கச்சான் காற்று வீசும் காலத்தில் பாத்திகளுக்குக் குறுக்கே குரல் எட்டாது. அதனால் எங்களுக்குள் ஒரு கைப்பேச்சு உண்டு. விரலால் பாத்தியின் இலக்கம் காட்டுவோம். உள்ளங்கை கவிழ்ந்தால் மூடு; மலர்ந்தால் திற. நெஞ்சில் கைவைத்தால், அது முடிந்த பிறகு இது. வாய் போனால் போகட்டும், இடது கை இருக்கிறதே என்று நினைத்தேன். நவ்பருக்கு முன்னால் இதைச் செய்துகாட்டி அவன் வாயை அடைக்க வேண்டும் என்பது என் திட்டம்.

சோமபால அந்தக் கரையில் நின்றான். நாலு நிரம்பியதும் மூடு, பிறகு ஐந்தைத் திற என்று காட்ட வேண்டும். கையை உயர்த்தினேன். நாலு காட்டினேன். ஐந்து காட்டினேன். உள்ளங்கை மலர்ந்தது. கவிழ்ந்தது. திரும்ப நாலு. நெஞ்சுக்குப் போகவேண்டிய கை எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு சைகையும் தனியாக வந்தது, ஒன்றோடு ஒன்று சேரவில்லை. சோமபால கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். என்னை எப்போதும் நம்பியவன், அன்றைக்கும் நம்பி, தப்பான மடையைத் திறந்தான். உப்புப் பூத்திருந்த பாத்திக்குள் இன்னும் உப்பேறாத இளந்தண்ணீர் பாய்ந்து எல்லாம் கரைந்தது.

நவ்பர் என் கையைப் பிடித்து வாகனத்துக்குக் கூட்டிப்போனான், சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவது போல. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அவமானப்பட்ட நாள் வேறில்லை.

அடுத்த மாதம் மகளின் கலியாணப் பேச்சு வந்தது. ஸஹ்ரா எங்களுக்கு ஒரே பிள்ளை. மாப்பிள்ளை இர்ஷாத், குறிஞ்சிப்பிட்டியில் தோட்டம் செய்பவர். நான் விழுவதற்கு முன்பே பேசிவைத்த இடம். எங்கள் நிக்காஹில் பெண்ணின் வாப்பா வலியாக (பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக) இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்னாரை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பலர் அதை மௌலவியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். என் வாப்பா ஒப்படைக்காமல் என் தங்கைகளுக்குத் தானே சொன்னார். நானும் அப்படித்தான் சொல்வேன் என்று ஸஹ்ரா பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். வாப்பாவுக்கு அறிவுத் தெளிவு இல்லையென்றால் அந்த உரிமை அடுத்தவருக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்த அடுத்தவர் நவ்பர்.

அவன் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் கைவைத்துக் கேட்டான். “நாநா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. ஸஹ்ராக்கு நான் வலியா நிக்கட்டா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். நான் கதிரைக் கையில் அடித்தேன். “ஓம், ஓம்” என்று கத்தினேன். எனக்குக் காதில் விழுந்தது, திருத்த முடியவில்லை. அஃபேசியாவில் ஓமும் இல்லையும் இடம் மாறி விழுவது சாதாரணமாம். கேட்பவருக்கு அது எப்படித் தெரியும்? தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றி, மன்னாரிலிருந்து எங்களையும் போகச் சொன்னபோது ஓமா இல்லையா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. இப்போது ஒருவன் மரியாதையாகக் கேட்டான். நான் தப்பான பதிலைச் சொன்னேன்.

பேச்சுப் பயிற்சிக்குக் கிழமைக்கு ஒருநாள் கிளினிக் போய்வந்துகொண்டிருந்தேன். பயிற்சியாளர் இனோகா மிஸ் சிங்களப் பிள்ளை. முன்னேஸ்வரம் கோயில் கடைத்தெருவில் வளர்ந்தவர் என்பதால் தமிழும் சரளம். அவர் என்னைச் செவிடனாகவோ பைத்தியமாகவோ நடத்தவில்லை. நான் ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் மணிக்கூட்டைப் பார்க்கமாட்டார். உப்பளத்தில் நடந்ததை மர்லியா சொன்னபோது அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கையும் சேர்ந்து பிசகியது அறிவு போனதால் அல்ல என்றார். வாயால் பேசினாலும் கையால் பேசினாலும், துண்டுகளை ஒழுங்காகக் கோர்க்கும் வேலையில் மூளையின் ஒரே பகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டாம். காது கேளாத பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தால், யாரும் கற்றுக்கொடுக்காமலே தங்களுக்குள் ஒரு கைமொழியை உண்டாக்கிக்கொள்வார்களாம்; போகப்போக அதில் இலக்கணமும் வந்துவிடுமாம். இலக்கணம் பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல அங்கிள், அது நாங்கள் பிறக்கும்போதே உடம்போடு கொண்டுவரும் ஆயத்தம் என்றார்.

அந்த ஆயத்தம் மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆசைப்பட்டேன். “மிஸ்... எங்க... முதல்?” என்று கேட்டேன். அவருக்கு விளங்கியது. ஆராய்கிறவர்களுக்குள் ஒரு முடிவு இல்லையாம். கல்லை உடைக்கவும் முடிச்சுப் போடவும் கை பழகிய ஒழுங்குதான் பிறகு வாய்க்கு ஏறியது என்று சிலர் சொல்கிறார்களாம். முதலில் அது உள்ளே சிந்திப்பதற்காக வந்தது, பேச்சு பிறகு என்று வேறு சிலர். ஒன்றிரண்டு தலைமுறையில் வந்ததல்ல, எண்ண முடியாத தலைமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். எலும்பு மண்ணில் கிடைக்கும். பேசிய பேச்சு கிடைக்காது. அதனால் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆதம் நபிக்குப் பொருள்களின் பெயர்கள் கற்பிக்கப்பட்டதாகச் சின்ன வயதில் ஓதப்பள்ளியில் கேட்டிருக்கிறேன். பெயர்கள் எனக்கும் மிச்சம் இருந்தன. அவற்றைக் கட்டும் கயிறுதான் அறுந்திருந்தது. எத்தனையோ ஆயிரம் வருடத்து வேலையை, அரிசி மணியளவு இரத்தக் கட்டி ஒரு காலைப்பொழுதில் அறுத்துவிட்டதே என்று எனக்குக் கடுங்கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு மருந்துக்குச் சமமாக உதவியது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

யன்னலுக்கு வெளியே மதிலில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. மிஸ் அதைக் காட்டினார்.

“அங்கிள், பருந்து வந்தா அது கத்தும். மத்தக் காகம் எல்லாம் ஓடும். ஆனா, நேத்து வந்த பருந்து இண்டைக்கி வரல்ல எண்டு அதுக்குச் சொல்லத் தெரியுமா?”

“இல்லை,” என்றேன்.

விழுந்த பிறகு, சரியான இடத்தில் வந்த முதல் ‘இல்லை’ அது. மிஸ் மேசையில் தட்டிச் சிரித்தார். மறுப்பதற்கு மனிதனாக இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மறுக்க வேண்டிய விஷயம் ஒன்று வீட்டில் காத்திருந்தது.

அடுத்த கிழமை வரும்போது குடும்பப் படங்கள் கொண்டுவரச் சொன்னார். நவ்பர்தான் என்னைக் கூட்டிவந்தான். மிஸ் நாலு படங்களை மேசையில் வைத்தார்: நான், நவ்பர், ஸஹ்ரா, இர்ஷாத். நிக்காஹில் யார் யாரை யாருக்குக் கொடுக்கிறார் என்று அடுக்கிக் காட்டச் சொன்னார். நவ்பர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடது கையால் என் படத்தை முதலில் வைத்தேன். அடுத்து ஸஹ்ரா. அடுத்து இர்ஷாத். மேசையில் மிஞ்சியது நவ்பரின் படம். அதை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்து, “இல்லை” என்றேன். இந்த முறையும் அது சரியாக வந்தது.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நீங்க ஓம் எண்டதால நான்...” என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் விட்டான். அறிவுள்ளவர்களுக்கும் சிலநேரம் வசனம் முடிவதில்லை.

நிக்காஹ் எழுதும் மௌலவி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். பேச முடியாதவரின் தெளிவான சைகை செல்லும், தலையை அசைத்தால் போதும் என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் ஒற்றைக்காலில் நின்றேன். “ஊமை... இல்லை. நான்... சொல்ல,” என்றேன். ஸஹ்ராவுக்காகவாவது விட்டுக்கொடுங்கள் என்று மர்லியா கெஞ்சினாள். சபையில் வாய் நின்றுவிட்டால் பிள்ளைக்கு அல்லவா தலைகுனிவு என்றாள். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. ஸஹ்ரா மட்டும், “வாப்பா சொல்லட்டும் உம்மா,” என்றாள்.

ஐந்து மாதம் அந்த ஒரு வாக்கியத்தைப் பழகினேன். மிஸ் அதை ஏழு துண்டாக்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் இடது கையால் முழங்காலில் ஒரு தட்டு, கொஞ்சம் இராகம். இராகமும் தாளமும் சிலருக்கு மூளையின் வலது பக்கத்தையும் வேலைக்குக் கூப்பிடுமாம். மனப்பாடமாக்கிவிட்டால் இலேசாக வந்துவிடும் என்றாள் ஸஹ்ரா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓதல் போல் தானாக உருண்டு வந்தால் அது நான் கொடுத்ததாகாது. அதனால் மிஸ் ஒவ்வொரு கிழமையும் துண்டுகளைக் குலைத்துப்போடுவார். மகளுக்குப் பதில் மாம்பழத்தைக் கொடுக்கச் சொல்வார், மாப்பிள்ளைக்குப் பதில் சோமபாலவுக்கு. ஒருநாள் சோமபாலவுக்கு ஐந்தாம் பாத்தியை நிக்காஹ் செய்து கொடுத்தேன். கிளினிக்கே சிரித்தது. ஒவ்வொரு முறையும் கயிற்றை நானே முறுக்க வேண்டியிருந்தது.

நிக்காஹ் எங்கள் வீட்டு விறாந்தையில், அஸர் தொழுகைக்குப் பிறகு. பாய் விரித்து ஐம்பது அறுபது பேர். ஸஹ்ரா உள்ளறையில், திரைச்சீலைக்குப் பின்னால். வாசலில் வெள்ளைச் சட்டையோடு சோமபால. என் வலது கைக்குப் பிடிக்கும் பலம் இல்லை. இர்ஷாத்தான் அதைத் தன் கைக்குள் எடுத்துப் பிடித்துக்கொண்டார். இடது கையை முழங்காலில் வைத்தேன்.

“என்னுடைய,” என்று தட்டினேன். “மகள்.” ஸஹ்ராவின் பெயர் வந்தது. மாப்பிள்ளை தருவதாகப் பேசிய மஹர் வந்தது. அடுத்த தட்டில் சொல் வரவில்லை.

காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. கை தட்டிக்கொண்டே இருந்தது. யாரோ செருமினார்கள். உள்ளே வளையல் சத்தம் ஒன்று எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த நவ்பருக்குப் பொறுக்கவில்லை, பாசத்தில்தான், மெல்ல, “உமக்...” என்று எடுத்துக்கொடுக்கத் தொடங்கினான். என் இடது கை முழங்காலிலிருந்து எழும்பி அவன் முன்னால் கவிழ்ந்தது. மூடு.

வாசலில் சோமபால இருமினான். சிரிப்பை அடக்கும் இருமல் அது. இருபது வருடமாக எனக்குத் தெரியும்.

“ஆறுதலாச் சொல்லுங்க,” என்றார் மௌலவி. “நேரம் இரிக்கி.”

கையைத் திரும்ப முழங்காலுக்குக் கொண்டுவந்தேன். அந்தச் சொல் எங்கோ தூரத்தில் இருந்தது. அது வரும்வரை இருந்தேன். “உமக்கு,” என்றேன். “நிக்காஹ் செய்து.” தட்டினேன். “தந்தேன்.”

இர்ஷாத் ஏற்றுக்கொண்டேன் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பதுதான் வழக்கம். இர்ஷாத்துக்குத் தோட்டத்தை விட்டு வரமுடியாது என்பதால் ஸஹ்ரா குறிஞ்சிப்பிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் என் கையை முத்தமிட்டு, “வாப்பா, நான் போயிட்டு வரட்டா?” என்றாள்.

“இல்லை,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், மர்லியா அழுதாள். அது தடுமாறி வந்ததா, சரியாகவே வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது இரண்டு வருடமாகிறது. இந்தக் கட்டுரையை ஸஹ்ரா தட்டச்சு செய்தாள். வரிகளைக் கட்டியது நான். கோர்வை பிழைத்த இடங்களை அவள் காட்டினாள், நான் திருத்தினேன். ஏழு மாதம் எடுத்தது. வலது கை இன்னும் என் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலத்தான் இருக்கிறது. முன்பு என் பேச்சு என்னைவிட வேகமாக ஓடும். நான் பின்னால் போவேன். இப்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நான் பெரும்பாலும் இருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் இடைவெளியாகத் தெரியும். தெரியட்டும்.

ஸஹ்ரா வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். அஸருக்குப் பிறகு புறப்படும்போது அதே கேள்வியைக் கேட்பாள். நான் முழங்காலில் தட்டத் தொடங்குவேன். இர்ஷாத் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு நிறுத்திவிடுவார். என் வாக்கியம் முடியும்வரை அவள் செருப்பைப் போடுவதில்லை.